கடல் இல்லாத ஊரில் கடல் கல்வி: டால்பினை எண்ணுபவர்களும் நம் வீட்டுப் பிள்ளைகளும்

2025 மார்ச் 3. ரமலானின் தொடக்க நாட்கள். இஃப்தாருக்கும் தராவீஹுக்கும் நடுவே அலைபேசியில் செய்தி பார்த்தவர்களில் பலர் அன்றைய ஒரு செய்தியைத் தாண்டிப் போயிருப்போம். குஜராத்தின் கிர் வனப்பகுதியில் பிரதமர் தலைமையில் தேசிய வன உயிரின வாரியத்தின் கூட்டம் நடந்தது. அதில் வந்த இரண்டு அறிவிப்புகள் இந்தக் கட்டுரைக்குக் காரணம்.

முதலாவது, இந்திய நதிகளில் வாழும் டால்பின்களின் முதல் முழுமையான கணக்கெடுப்பு அறிக்கை. மொத்தம் 6,327 டால்பின்கள். இரண்டாவது, மனிதர்களுக்கும் வன விலங்குகளுக்கும் இடையிலான மோதலைக் கையாள ஓர் உயர் மையம், கோவையில் உள்ள சலீம் அலி மைய வளாகத்தில் அமைக்கப்படும் என்பது.

யானைப் பிரச்சினை நம் ஊரின் அன்றாடப் பிரச்சினை என்பதால் இரண்டாவது அறிவிப்பு கோவையில் பேசப்பட்டது. முதலாவது அறிவிப்பு, எங்கோ கங்கையில் நீந்தும் மீன் பற்றிய சேதி என்று கடந்து போனது. டால்பின் மீன் அல்ல. குட்டி ஈன்று பால் கொடுக்கும் உயிரினம். அந்தச் செய்தி நமக்குத் தொடர்பில்லாததும் அல்ல. ஏன் என்பதை விளக்கவே இதை எழுதுகிறோம்.

எண்ணியவர்கள் யார்?

கங்கை டால்பினை எண்ணுவது ஆட்டு மந்தையை எண்ணுவது போன்றதல்ல. அதற்குக் கண் பார்வை அநேகமாக இல்லை. கலங்கிய ஆற்றில் ஒலியை எழுப்பி, அது பட்டுத் திரும்பும் எதிரொலியைக் கொண்டே வழியும் இரையும் அறிகிறது. மூச்சுவிட ஓரிரு நொடிகள் மேலே வரும், மறுபடி மூழ்கிவிடும். அந்த நொடியில் பார்த்தால் உண்டு, தவறவிட்டால் இல்லை. ஆகவே படகில் ஒரு குழு எண்ணும். அதைச் சார்ந்திராமல் இன்னொரு குழுவும் எண்ணும். இரு கணக்கையும் ஒப்பிட்டு, எத்தனை விடுபட்டிருக்கும் என்று மதிப்பிடுவார்கள். நீருக்குள் ஒலிவாங்கிகளை இறக்கி டால்பின் எழுப்பும் ஒலியையும் பதிவு செய்வார்கள்.

இப்படி 8 மாநிலங்களில் 28 நதிகளில், 8,500 கிலோமீட்டருக்கும் மேல், 3,150 மனித நாட்கள் உழைத்து வந்த எண்தான் 6,327. உத்தரப் பிரதேசத்தில் 2,397, பீகாரில் 2,220, மேற்கு வங்கத்தில் 815, அஸ்ஸாமில் 635, ஜார்க்கண்டில் 162, ராஜஸ்தான், மத்தியப் பிரதேசம் இரண்டிலும் சேர்த்து 95. பஞ்சாபின் பியாஸ் நதியில் சிந்து டால்பின் வெறும் 3.

இந்தப் பணியை நடத்தியது டேராடூனில் உள்ள இந்திய வன உயிரின நிறுவனம். அதன் அறிக்கையோடு இணைந்த பெயர்களில் மூன்றை நம் வாசகர்கள் அறிந்துகொள்ள வேண்டும்.

முதல் பெயர் கமர் குரேஷி. நாட்டின் புலிக் கணக்கெடுப்பு முறையை வகுத்ததிலும் பங்கு கொண்ட மூத்த விஞ்ஞானி. இரண்டாவது பெயர் விஷ்ணுப்ரியா கோலிபாகம். திராவிட மொழிக் குடும்பத்தின் வயது சுமார் 4,500 ஆண்டுகள் என்று 2018இல் வெளியான ஆய்வில் முன்னின்றவரும் இவர்தான். தமிழின் உறவு மொழிகளை ஆராய்ந்த அதே புள்ளியியல் அறிவு, டால்பின் ஆய்விலும் கைகொடுக்கிறது. மூன்றாவது பெயர் அப்துல் வாகித். அஸ்ஸாமின் குவாஹாட்டியில் இயங்கும் ஆரண்யக் அமைப்பில் பல ஆண்டுகளாகப் பிரம்மபுத்திரா டால்பின்களைப் பின்தொடர்ந்தவர். கரையோரக் கிராமத்து மக்களையும் இந்தப் பணிக்குள் இழுத்து வந்தவர். 2024 டிசம்பரில் கங்கை டால்பின் ஒன்றின் உடலில் முதன்முறையாகச் செயற்கைக்கோள் கருவி பொருத்தப்பட்டது அஸ்ஸாமில்தான். அதில் வன உயிரின நிறுவனத்தோடும் அஸ்ஸாம் வனத்துறையோடும் கைகோத்தது ஆரண்யக்.

குரேஷி, வாகித் என்ற பெயர்களை நாம் பெருமைக்காகச் சொல்லவில்லை. "இதெல்லாம் நம்மவர்களுக்கு எங்கே?" என்ற கேள்வி நம் வீடுகளில் சாதாரணமாக எழும் கேள்வி. அதற்கான பதில் ஏற்கெனவே அரசு அறிக்கையிலேயே அச்சாகியிருக்கிறது என்பதற்காகச் சொல்கிறோம்.

ஆனைகட்டியில் ஒரு பெயர்ப் பலகை

அந்த வன உயிரின நிறுவனத்தின் தென்னிந்திய மையம் எங்கே இருக்கிறது? கோவையிலிருந்து சுமார் 25 கிலோமீட்டர் தொலைவில், ஆனைகட்டியில். 1990இல் தொடங்கப்பட்ட சலீம் அலி பறவையியல் மற்றும் இயற்கை வரலாற்று மையம்தான் இப்போது அந்த நிறுவனத்தோடு இணைந்திருக்கிறது.

கேரள எல்லைக்குச் சுற்றுலா போகும்போது அந்தப் பெயர்ப் பலகையைக் கடந்து போயிருக்கிறோம். சலீம் அலி யார் என்று பிள்ளைகளிடம் எத்தனை பேர் சொல்லியிருக்கிறோம்? 1896இல் மும்பையில் ஒரு முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவர். சிறு வயதிலேயே தாய் தந்தையை இழந்து, தாய்மாமன் வீட்டில் வளர்ந்த யதீம். இளம் வயதில் குடும்பத்தின் சுரங்கத் தொழிலையும் மர வியாபாரத்தையும் பார்க்கப் பர்மாவுக்கு அனுப்பப்பட்டார். வியாபாரம் கைகூடவில்லை. மனம் பறவைகளிடமே போனது. அந்தத் 'தோற்றுப்போன வியாபாரி'தான் பின்னாளில் பத்ம விபூஷண் பெற்று, மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்டு, 1987இல் மறைந்த இந்தியாவின் மிகப் பெரிய பறவையியல் அறிஞர்.

வியாபாரக் குடும்பங்கள் நிறைந்த கொங்கு முஸ்லிம் சமுதாயத்துக்கு இந்த வரலாறு முக்கியமானது. கடையில் மனம் ஒட்டாத ஒரு பையனை உருப்படாதவன் என்று முத்திரை குத்தும் முன், அவன் மனம் எங்கே போகிறது என்று ஒரு முறை பார்க்கச் சொல்கிறது.

கடல் நமக்குத் தூரமா?

வெள்ளிக்கிழமை தோறும் நம் வீடுகளில் சூரா கஹ்ஃப் ஓதப்படுகிறது. மூஸா (அலை) இரு கடல்கள் சேரும் இடம் தேடிப் போவதும், உடன் கொண்டுபோன மீன் கடலுக்குள் வழி கண்டு போய்விடுவதும், கடலில் உழைத்துப் பிழைக்கும் ஏழைகளின் படகும் அதில்தான் வருகின்றன. யூனுஸ் (அலை) மீன் வயிற்றில் செய்த துஆவைத் துன்பம் வரும்போதெல்லாம் ஓதுகிறோம். ஆனால் கோட்டைமேட்டிலோ, கரும்புக்கடையிலோ, திருப்பூரிலோ, ஈரோட்டிலோ வளரும் ஒரு பிள்ளைக்குக் கடல் என்றால் உக்கடம் மீன் மார்க்கெட்டின் ஐஸ் பெட்டியும், விடுமுறைச் சுற்றுலாவும்தான்.

உண்மையில் நம் தண்ணீர் இரு கடலுக்கும் போகிறது. நொய்யலும் பவானியும் அமராவதியும் காவிரியில் சேர்ந்து வங்கக் கடலை நாடுகின்றன. பொள்ளாச்சிப் பக்கத்து ஆழியாறு பாலக்காடு வழியே பாரதப்புழையில் கலந்து, பொன்னானியில் அரபிக் கடலைத் தொடுகிறது. காவிரியில் டால்பின் இல்லை. காவிரி கலக்கும் கடலில் உண்டு. நம் மீனவர்கள் அதை ஓங்கில் என்பார்கள்.

நாம் ஆற்றில் விட்டதை அவை அனுபவிக்கின்றன. திருப்பூரின் சாயக் கழிவு நொய்யலை என்ன செய்தது, ஒரத்துப்பாளையம் அணை எப்படிச் சாயக் குட்டையானது, 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டபோது எத்தனை குடும்பங்கள் வேலையின்றி நின்றன என்பதை இங்குள்ளவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. தரையிலும் கடலிலும் தோன்றும் சீர்கேட்டுக்கு மனிதக் கைகளே காரணம் என்று சூரா அர்ரூம் எச்சரிக்கிறது. அதற்கு விளக்கம் தேடி நாம் வெகு தூரம் போக வேண்டியதில்லை.

பாக் விரிகுடாவில் நம் ஊர்கள்

கடலில் நடக்கும் ஆய்வுக்கு நமக்கு அருகில் உள்ள உதாரணம் பாக் விரிகுடா. 2022 செப்டம்பரில் தமிழக அரசு அங்கே சுமார் 448 சதுர கிலோமீட்டர் கடற்பரப்பை இந்தியாவின் முதல் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது. அதன் கரை தஞ்சை மாவட்டத்தின் அதிராம்பட்டினத்திலிருந்து புதுக்கோட்டை மாவட்டத்தின் அம்மாபட்டினம் வரை நீள்கிறது. இரண்டும் முஸ்லிம்கள் நிறைந்து வாழும் ஊர்கள் என்பதைச் சொல்லத் தேவையில்லை. கோவையில் தொழில் செய்யும் எத்தனையோ குடும்பங்களுக்கு அந்தக் கரையில் சம்பந்தம் உண்டு.

ஆவுளியா என்று மீனவர்கள் அழைக்கும் கடற்பசு, டால்பினைப் போலவே நுரையீரலால் மூச்சுவிடும் பாலூட்டி. கடலடிப் புல்லை மேய்ந்து வாழ்கிறது. வலையில் சிக்கினால் மேலே வந்து மூச்சுவிட முடியாமல் மூழ்கி இறந்துவிடும். அதனால் அங்கே வேலை செய்பவர்கள் விலங்கை ஆராய்வதோடு நிற்பதில்லை. வலையில் சிக்கிய கடற்பசுவை உயிரோடு விடுவிக்கும் மீனவர்களுக்குப் பரிசு, மீனவக் குடும்பத்து மாணவர்களுக்கு உதவித்தொகை, கடற்கரைப் பள்ளிகளில் வகுப்பு என்று வன உயிரின நிறுவனத்தின் கடற்பசுத் திட்டம் விரிகிறது. ஓம்கார் போன்ற உள்ளூர் அமைப்புகளும் கடற்புல் மீட்பிலும் மாணவர் கல்வியிலும் ஆண்டுக்கணக்கில் உழைக்கின்றன. மன்னார் வளைகுடாவில் டால்பின்களைப் பாதுகாக்க 8 கோடி ரூபாய்க்கு மேல் ஒதுக்கித் தனித் திட்டம் ஒன்றையும் தமிழக அரசு 2023இல் அறிவித்தது.

கரையில் இருப்பவர்களின் அறிவு எவ்வளவு முக்கியம் என்பதை 2016 ஜனவரி காட்டியது. திருச்செந்தூர், மணப்பாடு கரையில் 80க்கும் மேற்பட்ட திமிங்கிலங்கள் ஒதுங்கின. பார்க்கத் திமிங்கிலம் என்றாலும் அவை டால்பின் குடும்பத்தைச் சேர்ந்தவை. மீனவர்களும் அதிகாரிகளும் சிலவற்றைக் கடலுக்குள் இழுத்து விட்டார்கள். 40க்கும் மேற்பட்டவை இறந்தன. அதே கரையில் 1973 ஜனவரியிலும் இப்படி நடந்ததைக் கடல் மீன்வள ஆய்வாளர்கள் பதிவு செய்து வைத்திருந்தார்கள். அந்தப் பதிவு இருந்ததால்தான் இது முதல் முறையல்ல என்பதே நமக்குத் தெரிகிறது.

இது வயிற்றுப் பிரச்சினையும்கூட

ஊரில் எத்தனையோ கஷ்டம் இருக்க டால்பினுக்கு என்ன அவசரம் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பதில் மீனவர் வீட்டு அடுப்பில் இருக்கிறது.

இந்தியப் பெருங்கடலில் சூரை மீனுக்கு விரிக்கும் செவுள் வலைகளில் 1950 முதல் 2018 வரை சுமார் 41 லட்சம் டால்பின்களும் சிறு திமிங்கிலங்களும் சிக்கியிருக்கும் என்று 2020இல் வெளியான ஒரு சர்வதேச ஆய்வு மதிப்பிட்டது. எந்த மீனவரும் டால்பினைத் தேடிப் போவதில்லை. அது வலையைக் கிழிக்கும், நேரத்தைத் தின்னும். ஆனாலும் சிக்கிவிடுகிறது.

இப்போது அமெரிக்கா, தன் நாட்டுக் கடல் பாலூட்டிகள் பாதுகாப்புச் சட்டத்தின்படி, டால்பின்களுக்குத் தன் தரத்துக்கு ஈடான பாதுகாப்பு இல்லாத மீன்பிடிப்பில் பிடித்த மீனை வாங்குவதில்லை என்ற விதியை வைத்திருக்கிறது. பலமுறை தள்ளிப்போன அந்த விதிக்கு 2026 ஜனவரி 1 என்று நாள் குறிக்கப்பட்டது. நம் கடலில் எத்தனை டால்பின் இருக்கிறது, எத்தனை வலையில் சிக்குகிறது என்ற கணக்கு இல்லாமல் அந்த விதிக்குப் பதில் சொல்ல முடியாது. கொச்சியைத் தலைமையிடமாகக் கொண்ட மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் மற்ற அரசு நிறுவனங்களோடு சேர்ந்து கடலில் கணக்கெடுக்க இறங்கியதற்கு இதுவும் ஒரு காரணம். படகில் உட்கார்ந்து டால்பினை எண்ணும் ஒரு மாணவியின் குறிப்பேடு, தூத்துக்குடி ஏற்றுமதித் தொழிலாளியின் சம்பளத்தோடு தொடர்புடையது.

காட்சிக்கூடம் கல்வியல்ல

வளைகுடாவில் இருக்கும் உறவினரைப் பார்க்கப் போகும்போது நம்மில் பலர் பிள்ளைகளை டால்பின் காட்சிக்கு அழைத்துப் போகிறோம். பந்து அடிக்கும், துள்ளும், கைகொடுக்கும். பிள்ளைகள் மகிழ்கிறார்கள், கடலைப் பற்றிக் கற்றுக்கொண்டதாக நாமும் நினைக்கிறோம்.

இந்தியா 2013 மே மாதத்தில் இத்தகைய காட்சிக்கூடங்களுக்கு அனுமதி மறுத்தது. 1990களின் இறுதியில் சென்னைக்கு அருகே ஒரு பொழுதுபோக்கு மையத்துக்கு வெளிநாட்டிலிருந்து கொண்டுவரப்பட்ட டால்பின்கள் ஆறே மாதத்துக்குள் மடிந்துபோன கசப்பான அனுபவமும் நமக்கு உண்டு. நாளெல்லாம் நெடுந்தூரம் நீந்தி, ஒலியால் உலகை அறியும் ஒரு படைப்பைச் சுவர் எதிரொலிக்கும் தொட்டிக்குள் அடைப்பது எத்தகையது என்று யோசிக்க வேண்டும். தாகித்த நாய்க்குத் தண்ணீர் கொடுத்தவருக்கு மன்னிப்பும், பூனையைக் கட்டிவைத்துப் பட்டினி போட்டவளுக்குத் தண்டனையும் கிடைத்ததாக நபி (ஸல்) அவர்கள் சொன்னதைப் பிள்ளைகளுக்கு மனப்பாடமாகச் சொல்லித் தருபவர்கள் நாம்.

அதே அமீரகத்தில் வேறொன்றும் இருக்கிறது. அபுதாபியின் கடலில் சுமார் 3,000 கடற்பசுக்களும், சுமார் 700 கூன் முதுகு டால்பின்களும் வாழ்வதாக ஆய்வுகள் சொல்கின்றன. அபுதாபியின் சுற்றுச்சூழல் முகமை அவற்றைத் தொடர்ந்து கண்காணிக்கிறது.

வங்கதேசத்தில் இன்னும் அழகான உதாரணம். சுந்தரவனத்தில் டால்பின்களை ஆராய்ந்த ருபாயத் மன்சூரும் அவருடைய குழுவினரும், ஒரு படகையே கண்காட்சியாக்கி ஆற்றோரக் கிராமம் கிராமமாகக் கொண்டுபோனார்கள். பள்ளிக்கூடம் போகாத மீனவரும், முக்காடிட்ட தாய்மார்களும், மதரஸாப் பிள்ளைகளும் வரக்கூடிய இடத்துக்குக் கடல் கல்வியே தேடி வந்தது. அந்நாட்டு அரசு 2012இல் சுந்தரவனத்தில் மூன்று டால்பின் சரணாலயங்களையும், 2014இல் வங்கக் கடலில் ஒரு பாதுகாக்கப்பட்ட பகுதியையும் அறிவித்தது. விஞ்ஞானிகளின் தரவும் மக்களின் சம்மதமும் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதற்கு இது சான்று.

சம்பளம் கிடைக்குமா?

பெற்றோரின் முதல் கேள்வி இதுதான். ஒளிக்காமல் பேசுவோம். இத்துறையில் நிரந்தர வேலைகள் குறைவு. திட்டம் முடிந்தால் ஒப்பந்தமும் முடியும். தேசியத் தகுதித் தேர்வில் வென்று ஆய்வில் சேர்பவருக்கு அரசு நிர்ணயித்த இளநிலை ஆய்வாளர் உதவித்தொகை 2023 முதல் மாதம் 37,000 ரூபாய். வீட்டு வாடகைப் படி தனி. இது பெரிய பணமல்ல. ஆனால் பொறியியல் முடித்துவிட்டுக் கடைசியில் சம்பந்தமில்லாத வேலையில் இதைவிடக் குறைவாக வாங்கும் பிள்ளைகளும் நம் தெருவில் இருக்கிறார்கள்.

வழிகள் தூரமில்லை. விலங்கியல் இளங்கலை நம் ஊர்க் கல்லூரிகளிலேயே உண்டு. அதன்பின், 1961இல் உருவான அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் பரங்கிப்பேட்டையில் இருக்கிறது. பழைய நாளில் மஹ்மூது பந்தர் என்று அழைக்கப்பட்ட அதே ஊர். தூத்துக்குடியில் மீன்வளக் கல்லூரி. கோவையிலிருந்து ரயிலில் சில மணி நேரத்தில் கொச்சி. அங்கே மத்திய கடல் மீன்வள நிறுவனமும் கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும். டேராடூனில் வன உயிரின முதுகலை.

விலங்கியல் படித்தவர்களுக்கு மட்டுமான துறையும் அல்ல இது. நீருக்கடியில் பதிவான ஒலியைப் பிரித்தறிய மின்னணுவியல் தெரிந்தவர் வேண்டும். விடுபட்ட டால்பினை மதிப்பிடப் புள்ளியியல் வேண்டும். வரைபடம், ட்ரோன், மென்பொருள், கால்நடை மருத்துவம், சட்டம் எல்லாம் வேண்டும். பொறியியல் கல்லூரிகள் நிறைந்த கோவை இதற்குத் தரக்கூடியது ஏராளம்.

பெண் பிள்ளையைப் படகிலும் காட்டிலும் எப்படி அனுப்புவது என்ற தயக்கம் உண்மையானது. அதைக் கேலி செய்ய மாட்டோம். ஆனால் இத்துறையின் பெரும் பகுதி ஆய்வகத்திலும் கணினி முன்னும் வகுப்பறையிலும் நடக்கிறது. ஒலிப் பதிவுகளை ஆராயும் பெண்ணுக்கும், பள்ளிகளில் கடல் பாடம் நடத்தும் ஆசிரியைக்கும் மாதக்கணக்கில் வெளியூரில் தங்க வேண்டிய அவசியமில்லை. களப்பணிக்குப் போக விரும்பும் மகளுக்கும், எந்தக் குழுவோடு, எத்தனை நாள், எங்கே தங்கல் என்று விசாரித்து முடிவெடுக்கலாம். விசாரிக்காமலே கதவைச் சாத்துவதுதான் தவறு.

என்ன செய்யலாம்?

பெரிய திட்டம் எதையும் நாம் கேட்கவில்லை. கோடை விடுமுறை தீனியாத் வகுப்பு நடத்தும் ஜமாஅத்கள் அதில் ஒரு நாளைக் கடலுக்கு ஒதுக்கட்டும். யூனுஸ் (அலை) வரலாற்றைச் சொல்லும் உஸ்தாதுக்குப் பக்கத்தில் ஒரு விலங்கியல் ஆசிரியர் உட்காரட்டும். ஒரு காலைப் பொழுது உக்கடம் மார்க்கெட்டுக்கு அழைத்துப் போய், எந்த மீன் எந்தக் கரையிலிருந்து எந்த வலையில் வந்தது என்று வியாபாரிகளிடம் பிள்ளைகளையே கேட்கச் சொல்லலாம். முன் அனுமதி பெற்று ஆனைகட்டிக்குப் போகலாம். பொன்னானிக்கோ அதிராம்பட்டினத்துக்கோ போகும்போது கரையில் படம் எடுப்பதோடு நிறுத்தாமல் மீனவர் ஒருவரிடம் அரை மணி நேரம் பேசலாம்.

கல்வி உதவித்தொகை வழங்கும் அறக்கட்டளைகள் மருத்துவம், பொறியியல், ஆட்சிப்பணி என்ற பட்டியலில் இயற்கை அறிவியலுக்கும் ஓர் இடம் தரட்டும். ஆண்டுக்கு ஒரு பிள்ளை போதும். பத்தாண்டில் பத்துப் பேர்.

சலீம் அலியின் பெயர் தாங்கிய மையம் நம் வீட்டு வாசலில் நிற்கிறது. நாளை கோவையிலும் ஈரோட்டிலும் பொள்ளாச்சியிலும் படித்த ஒரு பிள்ளையின் பெயர் அதுபோன்ற ஓர் அறிக்கையில் அச்சாகும் நாளில், "நம்மவர்களுக்கு எங்கே?" என்ற கேள்வியை நம் பேரப்பிள்ளைகள் கேட்க மாட்டார்கள். இந்த ஆண்டு பிளஸ் டூ முடிக்கும் ஒரு பிள்ளை தயங்கித் தயங்கி, "அத்தா, நான் கடல் உயிரியல் படிக்கட்டுமா?" என்று கேட்டால், "அதில் என்ன இருக்கிறது?" என்று கேட்பதற்குப் பதிலாக, "எங்கே படிக்கணும், விசாரிப்போம்" என்று சொல்லும் தந்தையாக நாம் இருப்போம், இன்ஷா அல்லாஹ்.